இரைப்பைக்குள் உடையும் கரை

திண்டுக்கல் சமவெளியில் வளரும் மாணவர்களுக்குக் குளம், மதகு, வாய்க்கால் என்பவை புதியன அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிறுமலையிலிருந்தும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலிருந்தும் இறங்கும் நீர், ஓடைகள் வழியாகக் குளங்களைச் சேர்கிறது. மதகு சீராக இருந்தால் அந்நீர் வாய்க்காலில் அமைதியாக ஓடும். மரக்கிளையும் சேறும் சேர்ந்து மதகை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மேலிருந்து வரும் நீர் நிற்காது. குளத்தின் மட்டம் ஏறும். தாழ்வான, பலவீனமான இடங்களைத் தேடி நீர் புது வழி காணும். அவ்வளவு நீரைத் தாங்குவதற்கென்று அமைந்த வழி அன்று அது. ஆகவே ஏதேனும் ஓரிடத்தில் கரை உடையும். உடைப்பில் மண்மூட்டை அடுக்குவது அவசர வேலை. ஆனால் கோளாறு இருப்பது கரையில் அன்று, மதகில்.

இதே நிகழ்ச்சி மனித வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. நேற்றுவரை நடமாடிய ஒருவர் திடீரென்று கிண்ணம் கிண்ணமாக இரத்த வாந்தி எடுப்பார். ஊரில், "குடித்துக் குடித்துக் குடல் வெந்துபோய்விட்டது" என்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரத்த வாந்திக்கு வயிற்றுப்புண் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கல்லீரல் நோயாளி ஒருவர் இப்படி இரத்தம் கக்கும்போது, பெரும்பாலும் நடப்பது வேறு. அவருடைய உணவுக்குழலிலோ இரைப்பையிலோ வீங்கியிருந்த ஒரு சிரை அழுத்தம் தாங்காமல் உடைந்திருக்கும். குடல் வேகவில்லை. அவர் குடிப்பவராகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும் இது நேரலாம்.

அழுத்தம், ஓட்டம், குழாயின் ஆரம் இவையெல்லாம் நீங்கள் இயற்பியல் பாடத்தில் படிப்பவைதாமே! அதனால்தான், இயற்பியல் ஆசிரியனாகிய நான் இந்த மருத்துவச் செய்தியை உங்களிடம் எடுத்துவந்திருக்கிறேன்.

கல்லீரலின் வாயில்

உடலின் சிரைகளில் பெரும்பாலானவை இரத்தத்தை நேரே இதயத்தை நோக்கிக் கொண்டுசெல்பவை. போர்ட்டல் சிரை மட்டும் வேறுவகை. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தத்தை அது முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. போர்ட்டா என்னும் இலத்தீன் சொல்லுக்கு வாயில் என்று பொருள். சுமார் 8 செ.மீ. நீளமே உள்ள இச்சிரை வழியாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 லிட்டர் இரத்தம் பாய்கிறது. நாம் உண்ட உணவின் சத்துகளில் பெரும்பாலானவை இவ்வழியே சென்று கல்லீரலில் பதப்படுகின்றன.

கல்லீரலுக்குள் நுழைந்ததும் இரத்தம் எண்ணற்ற நுண்குழாய்களில் பிரிந்து ஓடவேண்டும். ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ்களாலோ, மதுவாலோ, நீரிழிவுடனும் உடற்பருமனுடனும் சேர்ந்து வரும் கொழுப்புப் படிவாலோ கல்லீரல் பல ஆண்டுகள் தாக்கப்பட்டால், அதில் தழும்புத்திசு வளர்ந்து கல்லீரல் இறுகிவிடுகிறது. நுண்குழாய்கள் நெரிபடுகின்றன.

குழாய் சற்றுக் குறுகினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் பாய்சொய் விதியை நினைவுகூர வேண்டும். அழுத்த வேறுபாடு மாறாதபோது, குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! இவ்விதியைக் கண்ட பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர் என்பதும், இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளவே குழாய்களை ஆராய்ந்தார் என்பதும் பலர் அறியாத செய்தி.

கல்லீரல் கெடாமலே வாயில் அடைபடுவதும் உண்டு. சில குழந்தைகளுக்குப் போர்ட்டல் சிரையிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. கல்லீரல் நலமாகவே இருக்கும், மண்ணீரல் வீங்கும், ஒரு நாள் குழந்தை இரத்தம் கக்கும். இந்தியக் குழந்தைகளிடம் இரத்த வாந்திக்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்தக் குழந்தையின் "குடலை வேகவைத்தது" எது?

பதினாறு சென்டிமீட்டர் நீர்

வாயில் அடைபட்டாலும் குடலிலிருந்து வரும் இரத்தம் நிற்பதில்லை. போர்ட்டல் சிரையிலோ, இரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வுகளும் இல்லை. ஆகவே இரத்தம் திரும்பி, இரைப்பையின் மேற்பகுதியையும் உணவுக்குழலின் அடிப்பகுதியையும் சுற்றியுள்ள சிறு சிரைகளில் புகுந்து, சுற்றுவழியாக இதயத்தை அடைய முயல்கிறது. வரப்போரத்துச் சிறு கால்வாயில் பெருவெள்ளம் புகுந்தாற்போல, அச்சிரைகள் பருத்து, நெளிந்து, முடிச்சு முடிச்சாகின்றன.

எவ்வளவு அழுத்தம் இருந்தால் இது நடக்கும்? போர்ட்டல் சிரைக்கும், கல்லீரலைவிட்டு வெளியேறும் சிரைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மி.மீ. பாதரசத்திற்கு மேற்படுவதில்லை. கல்லீரல் இறுகிய நோயாளியிடம் அது 10 மி.மீ. ஆகும்போது சிரைகள் வீங்கத் தொடங்கலாம். 12 மி.மீ. ஆகும்போது உணவுக்குழலின் சிரைகள் உடையும் அபாயம் வருகிறது.

பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6. ஆகவே 12 மி.மீ. பாதரசம் என்பது 12 × 13.6 = 163 மி.மீ., அதாவது சுமார் 16 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். உங்கள் பையிலுள்ள 30 செ.மீ. அளவுகோலில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்! தமனியில் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தை எளிதாகத் தாங்கும் உடல், இந்தச் சிறிய அழுத்தத்திற்கு ஏன் உடைகிறது?

ஆரம் வளர்ந்தால் ஆபத்தும் வளரும்

ஒரு பலூனை ஊதிப்பாருங்கள். முதலில் கன்னம் வலிக்கும். கொஞ்சம் பெருத்தபின் எளிதாக ஊதலாம். ஆனால் அந்த நிலையில்தான் அதன் தோல் இழுபட்டு மெலிகிறது. ஒரு முள் பட்டால் போதும். உருளை வடிவக் குழாயின் சுவரில் ஏற்படும் தகைவைக் காண ஓர் எளிய விதி உண்டு. உள் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுக்கவேண்டும். லாப்லாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித மேதையின் பெயரால் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

1 மி.மீ. ஆரமுள்ள சிரை ஒன்று 4 மி.மீ. ஆரமாக வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இழுபட்டதால் சுவரின் தடிமன் பாதியாயிற்று. அழுத்தம் சிறிதும் மாறாவிட்டாலும் சுவரின் தகைவு 4 × 2 = 8 மடங்காகிவிடும். இதுதான் வீக்கத்தின் விபரீதம். வீங்க வீங்க, மேலும் வீங்குவது எளிதாகிறது, உடைவதும் எளிதாகிறது.

உணவுக்குழலின் சிரைகளைவிட இரைப்பையின் சிரைகள் மிகப் பெரியவையாக வளரக்கூடியவை. எனவே, 12 மி.மீ.க்குக் குறைந்த அழுத்தத்திலும் அவை உடைவதுண்டு. உடைந்தால் வெளியேறும் இரத்தமும் மிகுதி.

டில்லியில் பிறந்த வகைப்பாடு

எல்லா இரைப்பைச் சிரைகளும் ஒரே மாதிரி ஆபத்தானவையா? இக்கேள்விக்கு உலகம் இன்றுவரை பயன்படுத்தும் விடை நம் நாட்டிலிருந்து சென்றது. டில்லி கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் டாக்டர் சிவ குமார் சரினும் அவருடைய குழுவினரும் 568 நோயாளிகளை நீண்டகாலம் கவனித்து, 1992ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

முதல் பரிசோதனையிலேயே, ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இரைப்பையில் வீங்கிய சிரைகள் இருந்தன. உணவுக்குழலின் சிரைகள் நூற்றுக்கு 64 பேரிடம் உடைந்து இரத்தம் கசிந்தன. இரைப்பைச் சிரைகளோ நூற்றுக்கு 25 பேரிடம்தான். ஆனால் உடைந்தபோது, ஒருவருக்குச் செலுத்தவேண்டியிருந்த இரத்தம் உணவுக்குழல் சிரைக்குச் சராசரி 2.9 அலகும், இரைப்பைச் சிரைக்கு 4.8 அலகும் ஆயிற்று. அரிதாக உடையும், உடைந்தால் கடுமையாக உடையும் என்பது இதன் பொருள்.

சரின் குழுவினர் இரைப்பைச் சிரைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். உணவுக்குழலிலிருந்து தொடர்ந்து இரைப்பையின் உள்வளைவு ஓரமாக இறங்குபவை முதல் வகை. உணவுக்குழலிலிருந்து இரைப்பையின் குவிந்த மேற்பகுதிக்குச் செல்பவை இரண்டாம் வகை. உணவுக்குழலோடு தொடர்பின்றி மேற்பகுதியில் மட்டும் தனியாகத் திரள்பவை மூன்றாம் வகை. இரைப்பையின் வேறு இடங்களில் தனியாகத் தோன்றுபவை நான்காம் வகை. இது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. எந்த வகை என்று கண்டால்தான் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய முடியும். அதைக் காண்பதற்கு டாக்டருக்கு இரைப்பைக்குள் ஒரு கண் வேண்டும்.

வளைந்து செல்லும் ஒளி

அந்தக் கண்தான் எண்டோஸ்கோப். தமிழில் அகநோக்கி எனலாம். ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று படிக்கிறோம். வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் பாதையோ வளைந்தது. வளைந்த பாதையில் ஒளியை அனுப்புவது எப்படி?

முழு அக எதிரொளிப்பு இதற்கு வழிகாட்டியது. 1.62 ஒளிவிலகல் எண் உள்ள கண்ணாடி இழை ஒன்றின்மேல், 1.52 ஒளிவிலகல் எண் உள்ள வேறு கண்ணாடியை உறையாகப் போர்த்தினால், மாறுநிலைக் கோணம் சுமார் 70 டிகிரி ஆகிறது. 1.52ஐ 1.62ஆல் வகுத்து, அந்தச் சைன் மதிப்புக்குரிய கோணத்தை நீங்களே அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். இழைச்சுவரில் இதைவிட அதிகக் கோணத்தில் படும் ஒளி வெளியே தப்ப முடியாது. சுவருக்குச் சுவர் மோதி, இழை வளையும் திசையெல்லாம் தானும் வளைந்து செல்லும்.

பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக்கற்றை வழியே ஒரு படத்தையே அனுப்பிக் காட்டினார். அந்த ஆய்வுக் கட்டுரை 1954-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர். அவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தம் தோழர்களுடன் உழைத்து, 1957-இல் வளையும் இழை அகநோக்கியை மருத்துவ உலகின் முன் வைத்தார்.

இன்றைய அகநோக்கியில் படத்தை எடுப்பது நுனியிலுள்ள சிறிய மின்னணுக் காமிரா. ஆனால் இரைப்பையின் இருளுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுசெல்லப் பல கருவிகளில் இன்றும் ஒளியிழைகளே பயன்படுகின்றன. ஏறத்தாழ 1 செ.மீ. தடிமனுள்ள இக்குழாயினுள் ஒரு குறுகிய வழியும் உண்டு. அதன் வழியே ஊசியை அனுப்பலாம், திரவத்தை உறிஞ்சலாம். டாக்டர் இரைப்பைக்குள் சென்றபின் நுனியை முழுதாகத் திருப்பி, நுழைந்த வாயிலைப் பார்ப்பார். வீட்டுக்குள் வந்தவர் திரும்பி நிலைப்படியின் உட்புறத்தைப் பார்ப்பது போல. ஆபத்தான சிரைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ரப்பர் வளையம்

உணவுக்குழலின் சிரைக்கு இன்று செய்யும் சிகிச்சை வியக்கத்தக்க எளிமை உடையது. அகநோக்கியின் நுனியில் ஒளிபுகும் சிறு மூடி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதன்மேல் ரப்பர் வளையங்கள் விரிந்த நிலையில் மாட்டப்பட்டிருக்கும். வீங்கிய சிரையின்மேல் மூடியை வைத்து உறிஞ்சினால், சிரை மொட்டுப்போல் மூடிக்குள் வந்துவிடும். கைப்பிடியைத் திருப்பியதும் ஒரு வளையம் வழுக்கிச் சென்று சிரையின் கழுத்தை இறுக்கும். பை வாயை ரப்பர் பேண்டால் கட்டுவது போலத்தான். சில நாட்களில் கட்டுண்ட பகுதி உலர்ந்து உதிரும்; அங்கே தழும்பு ஏற்பட்டுச் சிரை மறையும். அமெரிக்காவில் டென்வர் நகரின் டாக்டர் ஸ்டீக்மன் இம்முறையை 1986-இல் அறிவித்தார்.

இதையே இரைப்பையிலும் செய்தால் என்ன? சரினின் முதல் வகைச் சிரைகளுக்குச் செய்யலாம். அவை உணவுக்குழல் சிரைகளின் தொடர்ச்சியே. மேற்பகுதியில் திரளும் இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு அது பொருந்தாது. அங்கே சிரை மூடியைவிடப் பெரியதாக இருக்கும்; இரைப்பைச் சுவரில் ஆழப் பதிந்தும் இருக்கும். வளையம் முன்பக்கத்தை மட்டுமே பிடிக்கும். சில நாளில் அது உதிரும்போது, இரத்தம் நிறைந்து ஓடும் பெருஞ்சிரையின் மேல் ஒரு புண் திறந்துகொள்ளும். காப்பாற்ற வந்த வளையமே கரையை உடைத்தாற்போல் ஆகிவிடும்.

இரத்தத்தில் இறுகும் பசை

வெளியிலிருந்து கட்ட முடியாத சிரையை உள்ளிருந்து அடைத்தால் என்ன? அதே 1986-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து, இந்தோனேசியாவில் பிறந்த டாக்டர் நிப் சோஹெந்திரா இதற்கு விடை தந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் சயனோ அக்ரிலேட். கடையில் வாங்கும் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. மருத்துவத்தில் பயன்படுவது பியூட்டைல் வகை; வீட்டுப்பசை வேறு வகை. வீட்டுப்பசையை உடலில் எங்கும் பயன்படுத்தக்கூடாது.

இப்பசை உலர்வதால் இறுகுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் சிறு மூலக்கூறுகள், நீரிலும் இரத்தத்திலும் உள்ள அயனிகள் தூண்டியதும் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இதையே பலபடியாதல் என்கிறோம். இரத்தத்தைத் தொட்ட சில விநாடிகளில் திரவம் திடமாகிவிடும். டாக்டர் அகநோக்கியின் வழியே ஊசியை அனுப்பிச் சிரைக்குள் குத்தி, 1 மில்லிலிட்டர் அளவிலான பசையைச் செலுத்துவார். தேவையானால் மீண்டும் செலுத்துவார். ஓடிக்கொண்டிருந்த இரத்தக்குழாய் ஒரு கல்லைப்போல் இறுகி நிற்கும்.

இந்தச் சில விநாடிகளில்தான் உயிர் ஊசலாடுகிறது. பசை மிக விரைவில் இறுகினால் ஊசி சிரையிலேயே ஒட்டிக்கொள்ளும். மிகத் தாமதமாக இறுகினால் இரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டு நுரையீரலின் குழாயை அடைத்துவிடக்கூடும். எனவே பல மருத்துவர்கள் லிப்பியோடால் என்னும் எண்ணெயைக் கலந்து இறுகும் வேகத்தைச் சற்றே குறைக்கிறார்கள். அந்த எண்ணெயில் அயோடின் இருப்பதால் எக்ஸ் கதிர்ப் படத்தில் பசை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஊசி எடுப்பதற்கு முன் உள்ளே தங்கிய பசையைக் காய்ச்சி வடித்த நீரால் தள்ளிவிடுவார்கள். பின்னர் வாரங்கள், மாதங்கள் கழித்து அந்தப் பசைக்கட்டி இரைப்பைக்குள் மெல்ல உதிர்ந்து வெளியேறிவிடும்.

மதகை மறக்கலாகாது

வளையமும் பசையும் மண்மூட்டைகளே. உடைப்பை மூடும், அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஆகவே குடலுக்குச் செல்லும் சிறு தமனிகளைச் சுருக்கி, போர்ட்டல் சிரைக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும் மருந்தும் உடனே கொடுக்கப்படுகிறது. அடக்க முடியாத நிலையில், கல்லீரலுக்குள்ளேயே ஒரு சிறு உலோகவலைக் குழாயைப் பொருத்திப் புது வாய்க்கால் திறப்பதும் உண்டு. முற்றிலும் பழுதுபட்ட கல்லீரலுக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்துவதே நிலையான வழி.

இங்கே ஒரு விந்தை. இரத்தம் இழந்தவருக்கு நிறைய இரத்தம் ஏற்றுவது நல்லது என்றுதானே தோன்றும்? ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 921 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் ஆறு வாரம் கழித்து உயிருடன் இருந்தனர். 9 கிராமுக்குக் கீழே இறங்கியதுமே ஏற்றப்பட்டவர்களில் 91 விழுக்காட்டினர். குளம் மீண்டும் நிரம்பினால் கரை மீண்டும் உடையும் என்று நீங்களே காரணம் ஊகித்திருப்பீர்கள். மிகுதியாக இரத்தம் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் உயர்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. 60 கி.மீ.க்குச் சற்று அப்பால் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில் இரைப்பைக் குடல் நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. கருவியும் கைத்திறனும் இருக்கின்றன. பெரும்பாலும் வீணாவது நேரம்தான். "குடித்ததன் பலன்" என்று ஊர் பேசுமே என்ற வெட்கத்தில் வீட்டார் விடியும்வரை காத்திருக்கிறார்கள். வாந்தி நின்றுவிட்டது என்று ஆறுதல் அடைகிறார்கள். நின்றது வாந்திதான், கசிவு உள்ளே தொடரலாம். தார்போல் கறுத்து ஒட்டும் மலமும், காப்பித்தூள் கலந்தாற்போன்ற வாந்தியும்கூட இரத்தத்தின் அடையாளங்களே.

அப்படி ஒருவரைக் கண்டால் உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் புகாதபடி அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உணவோ, நீரோ, வலி மாத்திரையோ கொடுக்க வேண்டாம். முன்பே கல்லீரல் நோய் இருந்ததா, மண்ணீரல் வீங்கியிருந்ததா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதகு அடைபடாமல் காக்கும் வழிகளில் அது எளியது.

அண்டை வீட்டில் யாராவது, "குடல் வெந்துவிட்டது, இனி என்ன செய்வது" என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றால், வேகவில்லை என்று அவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிகுந்துவிட்டது. அதை அடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதே புறப்பட வேண்டும், அவ்வளவுதான்.